சிவப்புச் சட்டை

கால் உடைந்து பந்தாட்டத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். என் ஆட்டத்தை முடித்தது ஒரு வெடிப் பாக்கெட்டின் லேபிள். இன்றைக்கு நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஐம்பதுகளின் கடைசியில் கொழும்பில் ஒரு தேயிலைக் கம்பெனிக்கு ஆடினேன். பகலில் அவர்களுடைய கிட்டங்கியில் தேயிலைப் பெட்டி அடுக்கும் வேலை, சாயங்காலம் மைதானம். நான் சென்டர் ஹாஃப். நடுவில் நின்று எதிராளியிடமிருந்து பந்தைப் பிடுங்கி, முன்னால் நிற்கிறவனுக்குக் கொடுக்க வேண்டும். கோல் போட்டவனைத் தோளில் தூக்குவார்கள். என்னை யாரும் தூக்கியதில்லை. அதைப் பற்றி எனக்குக் கவலையும் இல்லை. சிவகாசிப் பக்கம் தாயில்பட்டிக் கரிசலில் வெறுங்காலோடு ஓடியவனுக்குக் கடல் தாண்டிச் சோறு போட்டது அந்த நடு இடம். அது போனால் வேலை போகும். வேலை போனால் ஊருக்குக் கப்பல் ஏற வேண்டியதுதான்.

எங்கள் சட்டை பச்சை. துறைமுகத்து டீமுக்குச் சிவப்பு. இரண்டு பேருக்கும் ஆகாது. அந்த வருஷம் அவர்கள் என்னை இழுக்கப் பார்த்தார்கள். நான் போகவில்லை. ஆனால் போகப் போகிறேன் என்ற பேச்சு மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தது.

அந்த நேரத்தில்தான் லீவில் ஊருக்கு வந்தேன். என் அண்ணன் சிவகாசி அச்சாபீசில் லேபிள் அச்சடிக்கும் கல்லில் படம் எழுதுகிறவர். வெடி லேபிளுக்கு என்று சொல்லி என்னைப் பந்தோடு நிற்க வைத்து வரைந்தார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன். சட்டை பச்சை என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினேன்.

தீபாவளி நெருங்கும்போது கொழும்பில் டீம் செக்ரட்டரி கூப்பிட்டுவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர். என்னிடம் அதுவரை குரல் உயர்த்தாதவர். மேஜை மேல் ஒரு வெடிப் பாக்கெட் கிடந்தது. அங்கேயே கடையில் வாங்கியது. லேபிளில் நான். என் மூக்கு, என் நெற்றித் தழும்பு. உடம்பில் சிவப்புச் சட்டை.

“இது நீர்தானே?”

“நான்தான். ஆனா...”

“எப்ப அவங்களோட சேர்ந்தனீர்?”

தட்டுத் தடுமாறிச் சொன்னேன். எங்கள் ஊரில் ஒரே தாளில் பல லேபிள் சேர்ந்து அச்சில் ஓடும். சிவப்பு மை ஓட்டினால் எல்லாவற்றுக்கும் சிவப்புதான். கிளியும் சிவப்பாக இருக்கும், யானையும் சிவப்பாக இருக்கும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். அவர் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். சிவப்பு யானைக் கதையை அவர் நம்பவில்லை. நான் என்ன செய்ய?

அடுத்த ஆட்டத்தில் என் இடத்தில் வேறொருவன் நின்றான். நான் கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்தேன். அவன் விட்ட பந்தெல்லாம் என் காலடிக்கு வந்தது. சீசன் முடிந்ததும் கிட்டங்கியிலும் ஆள் வேண்டாம் என்றார்கள்.

ஊர் வந்து நேராக அண்ணனிடம் போனேன்.

“பச்சைன்னு சொல்லிட்டுத்தான போனேன்?”

“சொன்னலே. பச்சைக்கு இன்னொரு தடவை ஓட்டணும், மொதலாளி ஒத்துக்கிடல. செவப்புன்னாத்தான் வெடி விக்கும்னுட்டாரு. சட்டைல என்னலே இருக்கு? மூஞ்சி நல்லா விளுந்திருக்குல்ல?”

நான் பாராட்டுவேன் என்று முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அடிக்கக் கை ஓங்கினேன். எதற்கு என்று அவருக்குக் கடைசி வரை புரியவில்லை. அதுதான் என்னை இன்னும் கொல்கிறது.

தாயில்பட்டியில் ஒரு வெடி ஆபீசில் லோடு ஏற்றும் வேலை கிடைத்தது. அடுத்த சீசனுக்கும் அதே லேபிள்தான். அதை ஒட்டிக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி பாக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“ஏண்ணே, நீங்க இங்கன நிக்கீக. ஒங்க படம் மட்டும் கொளும்புக்குப் போகுதாக்கும்?”

எல்லாரும் சிரித்தார்கள். பெட்டியைக் கீழே போட்டு மிதிக்க வேண்டும் போல இருந்தது. உள்ளே இருப்பது வெடி, மிதிக்கவும் முடியாது. தூக்கி லாரியில் வைத்தேன்.