கழற்றி மாட்டும் அலமாரி

ரப்பர் பால் சிந்திக் காய்ந்த பலகையை அறுத்தால் புளித்த சோற்று வாடை வரும். எண்பதுகளின் நடுவில், கோலசிலாங்கூர் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில், அப்பா இறந்த மாதம் முழுவதும் எங்கள் வீட்டில் அந்த வாடைதான் இருந்தது. எனக்குப் பதின்மூன்று வயது. அதுவரை ரம்பத்தைத் தொட்ட பெண்ணில்லை நான்.

அப்பா பால் வெட்டியவர். அவர் போனதும், தோட்டத்தில் வேலை செய்பவர் யாருமில்லாத வீடு என்று சொல்லி, மாதக் கடைசிக்குள், தோட்டம் கொடுத்த "லயத்து" வரிசை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். அம்மாவின் சீர்ப் பாத்திரங்களெல்லாம் அப்பா சுவரில் ஆணியடித்த தட்டில்தான் இருந்தன. அதைப் பெயர்க்கப் போனபோது தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் "கிராணி" வாசலில் நின்று, "சுவத்துல அடிச்சதெல்லாம் தோட்டத்துச் சாமான்மா, கை வைக்காதீங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, எல்லாருக்கும் சொல்வதை எங்களுக்கும் சொன்னார். கெர்லிங்கில் இருந்த சித்தியோ, "வாங்கக்கா, மூலையில ஒரு எடம் இருக்கு. சாமானத் தரையில பரப்ப மட்டும் முடியாது, பிள்ளைங்க படுக்கணும்லா" என்று சொல்லியனுப்பியிருந்தார். ஆக, அந்த மூலையில் நிற்க ஓர் அலமாரி இல்லையென்றால், பாத்திரங்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டுத்தான் போகவேண்டும். எனக்கு அழுகை வரவில்லை, மனசு மரத்துப்போயிருந்தது. கைக்கு ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

லோரியில் ஏற்றவேண்டும் என்பதால் ஆணியே கூடாது, போல்ட்டும் நட்டும்தான் என்று முடிவு செய்தேன். வெட்டிய பாலைக் கொண்டுபோய் நிறுக்கும் "பால் கொட்டாய்"க்குப் பின்னால் கிடந்த பலகைகளைக் கேட்டு எடுத்துவந்து, இரவல் வாங்கிய கை டிரிலால் துளையிட்டு, நான்கு கால்களில் மூன்று தட்டுகளை முடுக்கி நிறுத்தினேன். தொட்டதும் கள் குடித்தவர் மாதிரி ஆடியது. பின்பக்கம் நீளக் கட்டையொன்றைக் குறுக்கே சாய்த்து முடுக்கிய பிறகு, தம்பி ஏறி உட்கார்ந்தும் அசையவில்லை. எனக்குப் பெருமையாகக்கூட இல்லை. கழற்றிப் பார்த்தேன், சுலபமாகக் கழன்றது. திரும்ப மாட்டப் போனால் ஒரு துளையும் இன்னொன்றோடு சேரவில்லை. எல்லாம் கண்ணளவில் போட்ட துளைகள். எந்தப் பலகை எந்தக் காலுக்கு என்று குறித்துவைக்க எனக்குத் தோன்றவேயில்லை. சாயங்காலம்வரை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து ஒருவழியாக நிறுத்தினேன். கரியால் எண் போட்டேன். கை பட்டதும் அழிந்தது.

பார்த்துக்கொண்டிருந்த அம்மா எழுந்துபோய்க் குங்குமச் சிமிழைக் கொண்டுவந்தார். கருமாதிக்குப் பிறகு அதை யாரும் திறக்கவில்லை. தேங்காயெண்ணெய் விட்டுக் குழைத்து, முதல் காலிலும் அதோடு சேரும் பலகையிலும் ஒரு பொட்டு, அடுத்த மூட்டில் இரண்டு என்று அவரே வைத்துக்கொண்டு போனார். "இது போவாது" என்றார். அப்பா இறந்த பிறகு அவராக வாய் திறந்து பேசியது அதுதான். சிமிழ் காலியாயிற்று. விரலைத் துணியில் துடைத்துவிட்டுப் பாத்திரங்களைக் கட்ட ஆரம்பித்தார். நான் ஸ்பேனரை எடுத்துக் கழற்றத் தொடங்கினேன்.

கெர்லிங்கில் பொட்டுப் பார்த்து மாட்டினோம், நின்றது. பாத்திரம் ஒன்றையும் விற்கவில்லை.

அந்த லயம் இருந்த இடத்தில் இப்போது "தாமான்" என்கிற புதுக் குடியிருப்பு வீடுகள். அலமாரியைக் கரையான் தின்றுவிட்டது. அம்மாவும் போய்விட்டார். பொட்டு வைத்த அவர் முகத்தைப் பதின்மூன்று வருடம் தினமும் பார்த்தவள் நான். நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் அந்த முகம் வருவதில்லை. பலகைதான் வருகிறது.