ஒரு கட்டை கீழே

பாட்டு என்றதும் எனக்கு முதலில் ஞாபகம் வருவது முழங்கால் வலிதான். ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில், ஒரு பழைய மூன்று மாடி வீட்டின் மரப்படிகளை முழங்காலில் நின்று துடைத்தபடிதான் நான் ஐரோப்பியச் சங்கீதத்தைக் கேட்டேன். முப்பத்தொரு படி. இன்றைக்கும் வானொலியில் யாராவது ஒரு வெள்ளைக்காரப் பெண் உச்சத்தில் பாடினால் என் கை துணியைத் தேடுகிறது.

அந்த வீடு ஒரு ஜேர்மன் அம்மாவுடையது. ஒரு காலத்தில் மேடைப் பாடகி. நான் போன காலத்தில் பாட்டு வாத்தியார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. அப்போது நாங்கள் பக்கத்தில், பார்க்டேலில் இருந்தோம். காலை ஐந்தரைக்கு பிஸ்கட் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கத் தொடங்கி, இரண்டு மணிக்கு முடித்து, வியாழக்கிழமைகளில் நேரே அவர் வீட்டுக்குப் போவேன். நான் அவரை ‘டீச்சர்’ என்று கூப்பிட்டேன். எங்கள் ஊரில் படிப்பிக்கிற பெண்ணை வேறு எப்படிக் கூப்பிடுவது? வீடு துடைக்க வந்தவள் டீச்சர் என்று கூப்பிட்டது அவருக்கு முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு பழகிவிட்டது.

இருவருடைய ஆங்கிலமும் நொண்டி ஆங்கிலம்தான். அவர் என்ன சொற்களில் சொன்னார் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது. சொன்னது மட்டும் என் தமிழில் தங்கியிருக்கிறது. ஆகவே இங்கே அவர் யாழ்ப்பாணத்துக்காரி மாதிரித்தான் கதைப்பார். பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன முதல் நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும். வரவேற்பறைக் கதவைத் திறந்தால் கம்பளத்தில் ஒரு பெரிய ஆள், கோட் சூட் போட்டவர், மல்லாந்து கிடக்கிறார். வயிற்றில் ஒரு தடித்த புத்தகம். மயங்கிவிட்டார் என்று நினைத்து நான் ஓடிப்போய் ஒரு கோப்பை தண்ணீர் கொண்டுவந்து முகத்தில் தெளித்தேன். அவர் வங்கியில் பெரிய வேலையில் இருப்பவராம். மூச்சுப் பழகிக்கொண்டிருந்தாராம், புத்தகம் ஏறி இறங்க வேண்டுமாம். டீச்சர் பியானோவில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

அவருடைய கதையை நான் தூசி தட்டித்தான் படித்தேன். படிக்கட்டுச் சுவர் முழுக்கப் படங்கள். கீழே, தேவாலயப் பாடகர் குழுவில் பின்னல் போட்ட ஒரு சிறுமி. பிறகு யுத்தம் முடிந்த கையோடு ஒரு சின்ன நகரத்து ஒபரா அரங்கு. கூரை பாதி இல்லை, பாடுகிறவர்களும் கேட்கிறவர்களும் ஓவர்கோட்டோடு. அதற்கு மேல் ஏழெட்டுப் படங்களில் அவர் நடுவில் நிற்கிறார், தலையில் கிரீடம் வைத்து, பட்டு உடுத்து, கழுத்தை நிமிர்த்தி. பிறகு ஒரு கப்பல், பக்கத்தில் எஞ்சினியர் மாப்பிள்ளை. பிறகு ரொறன்ரோ. இங்கே ஒரு தேவாலயம், ஒரு வானொலி நிலையத்து மைக். பதினான்காவது படத்துக்குப் பிறகு நடுவில் நிற்பது அவர் இல்லை. யாரோ ஒரு மாணவி நடுவில் நிற்கிறாள், இவர் ஓரத்தில் நின்று கை தட்டுகிறார்.

“வந்த புதுசிலை என்ர இங்கிலீஷைக் கேட்டுச் சிரிச்சினம்,” என்று ஒருநாள் சொன்னார். “இங்கிலீஷ் வந்தபோது வயசும் வந்திட்டுது.”

எனக்கு அது விளக்கம் தேவையில்லாத கதை. ஊரில் நான் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பதினொரு வருஷம் சங்கீத டீச்சர். இங்கே வந்து பெட்டி அடுக்குகிறேன். ஆனால் அதை நான் அவரிடம் சொல்லவில்லை. சொன்னால் ஐயோ பாவம் என்பார்கள், பிறகு அந்தப் பாவத்தை வேறு நான் சுமக்க வேண்டும்.

ஒவ்வொரு வசந்தத்திலும் அவர் வீட்டில் ஒரு கச்சேரி நடக்கும். இப்போதைய மாணவர்கள் பாடுவார்கள், பழைய மாணவர்கள் வந்து கேட்பார்கள். கடைசியில் டீச்சர் ஒரே ஒரு பாட்டுப் பாடுவார், ஒவ்வொரு வருஷமும் அதே பாட்டு. மூன்று நிமிடம்கூட இராது. பாதிக்கு மேல் தாழ்ந்து ஊர்ந்து போய், முடிவில் குரல் ஒரே எட்டில் உச்சத்துக்கு ஏறி அங்கே சற்று நிற்கும். அவருடைய பெயரே அந்தச் சுரத்தில்தான் இருந்தது. மாணவர்கள் அதற்காகத்தான் வந்தார்கள் என்று அவர் நம்பினார்.

என் இரண்டாவது வருஷம், மாசி மாதக் குளிரில், அவர் அந்தப் பாட்டைத் தனியே பழகத் தொடங்கினார். நான் படியில் இருந்தேன். உச்சம் வரவில்லை. அடுத்த வியாழனும் வரவில்லை. மூன்றாவது வியாழன் நாலு தரம் முயன்று, நாலாவது தரம் குரல் பிளந்து, பியானோ மூடியைப் படாரென்று சாத்தினார். எனக்குப் பொறுக்கவில்லை. ஈரத் துணியோடு வாசலில் போய் நின்றேன்.

“டீச்சர், ஒரு கட்டை இறக்கிப் பாடினால் என்ன?”

“என்ன சொல்லுறீர்?”

சொன்னேன். எங்கள் சங்கீதத்தில் சுருதி பாடுகிறவரோடது. குரல் எங்கே சுகமாக இருக்கிறதோ அங்கே வைப்போம். வயது போனால் ஒரு கட்டை இறக்குவோம், சளி தடிமன் என்றால் அரைக் கட்டை இறக்குவோம், யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள். இவ்வளவையும் கையால் படி காட்டிச் சொல்லி முடித்தபோதுதான் நான் யார் என்பதும் வெளியே வந்துவிட்டது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீர் பாட்டு டீச்சரோ? இரண்டு வருசமாய் ஒண்டும் சொல்லேல்லை.”

“நீங்கள் கேட்கேல்லை.”

“உது மேல்குரல் பாடுற சொப்ரானோ செய்யிற வேலை இல்லை,” என்றார் கடைசியில். “எழுதினவர் எந்த இடத்திலை எழுதினாரோ அந்த இடத்திலைதான் பாடவேணும். இறக்கிப் பாடினால் நான் வீட்டிலை பாடுற ஒரு பொம்பிளை. அவ்வளவுதான்.”

நான் படிக்குத் திரும்பிப்போனேன். ஊரான் வீட்டுச் சுருதியில் எனக்கு என்ன வேலை?

வைகாசியில் கச்சேரி வந்தது. இருபத்துமூன்று பேர், கதிரைகளை நான்தான் எண்ணிப் போட்டேன். அவர்களில் சிலர் தாங்களே பாட்டு வாத்தியார்கள், ஒருவர் கல்லூரியில் படிப்பிப்பவர். நான் சமையலறையில் கேக் வெட்டிக்கொண்டிருந்தேன். டீச்சரின் பாட்டுத் தொடங்கியதும் வழக்கம்போலக் கீழ் ஸ்தாயியில் கூடவே முனகினேன். இரண்டு வருஷப் பழக்கம்; துணி தேய்க்கும்போது வாய் தானாகப் போகும். ஆனால் அன்றைக்கு அடிச் சுரம் எனக்கு எட்டவில்லை, குரல் காற்றாகப் போனது. கதவு இடுக்கால் எட்டிப் பார்த்தேன். பியானோ வாசிக்கிற பொடிப்பெட்டைக்கு முன்னால் வழக்கமான மஞ்சள் பூத்த அச்சுப் புத்தகம் இல்லை. கையால் எழுதிய நீளத் தாள்கள் இருந்தன.

இறக்கியிருக்கிறார். என் சொல்லைக் கேட்டு இறக்கியிருக்கிறார்! உச்சம் வந்தது, வட்டமாக, ஒரு கீறலும் இல்லாமல் வந்து நின்றது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கனடாவுக்கு வந்து இத்தனை வருஷத்தில் நான் சொன்ன ஒரு சொல்லை ஒருவர் கேட்டு நடந்தது அதுதான் முதல் தடவை.

எங்கள் ஊரில் கச்சேரி முடிந்தால் விஷயம் தெரிந்தவர்கள் பாடகரிடம் போய் இந்த மாதிரி ஒன்றைத்தான் சொல்வார்கள். ‘நல்லாயிருந்தது’ என்று எவனும் சொல்லலாம். ‘இந்தச் சுருதியில் குரல் நல்லாக இருந்தது’ என்றால்தான் பாடினவருக்குத் தான் கேட்கப்பட்டோம் என்று தெரியும். அதைவிடப் பெரிய மரியாதை எனக்குத் தெரியாது. அந்த மரியாதையைத்தான் நான் கோப்பித் தட்டோடு போய், அவரைச் சுற்றி நின்று புகழ்ந்துகொண்டிருந்த அத்தனை பேருக்கும் நடுவில், சத்தமாகச் செய்தேன்.

“டீச்சர், ஒரு கட்டை இறக்கினது நல்ல வேலை. குரல் என்ன வடிவாய் இருந்தது!”

“இறக்கினதோ?” என்றார் கல்லூரிக்காரர். பியானோப் பெண் தன் சப்பாத்தைப் பார்த்தாள். டீச்சர் என் தட்டிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். அவருடைய முகம் வெள்ளையாகப் போயிருந்தது. யாரோ ஒருவர் இருமினார், இன்னொருவர் கேக்கைப் பற்றிக் கதைத்தார்.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் மனுஷரிடம் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்தபடி கேட்டார்.

“உமக்கு உந்த வாயை வச்சுக்கொண்டு சும்மா இருக்கேலாதே?”

“நான் நல்லதெண்டு நினைச்செல்லோ சொன்னனான்.”

“நுணலும் தன் வாயால் கெடும். வேலை போச்சுதெண்டு வச்சுக்கொள்ளும்.”

வேலை போனால் போகட்டும் என்றுதான் இருந்தது. அந்த முகத்தை மறுபடி பார்ப்பதுதான் பயமாக இருந்தது. அடுத்த வியாழன் போனேன். டீச்சர் என்னைப் படிக்கு விடவில்லை, சமையலறையில் உட்காரச் சொன்னார்.

“டீச்சர், மன்னிச்சுக்கொள்ளுங்கோ. எங்கட இடத்திலை...”

“உமக்கு எப்பிடித் தெரிஞ்சது?”

முனகுகிற கதையைச் சொன்னேன். அடிச் சுரம் எட்டாததைச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே மேசைத் துணியின் ஓரத்தை நீவினார்.

“நீர் சொன்ன உடனை நான் அவையின்ர முகத்தைப் பார்த்தன்,” என்றார். “ஒருத்தரும் எனக்காகக் கவலைப்படேல்லை. எல்லாரும் ஆச்சரியப்பட்டினம். விளங்குதோ? இருபத்துமூண்டு பேர். ஒருத்தருக்கும் தெரியேல்லை. முப்பத்தஞ்சு வருசம் நான் இந்த வீட்டிலை என்னத்தைப் படிப்பிச்சனான்?”

நான் கோபத்தை எதிர்பார்த்துத்தான் போனேன். அவருடைய பெயரை நான் கெடுத்துவிட்டேன் என்று நினைத்திருந்தேன். அவருக்கு நான் செய்தது அதைவிடப் பெரிய வேலை.

அந்த இலையுதிர்காலத்தில் அவர் புது மாணவர்களை எடுக்கவில்லை. பழையவர்களும் ஒவ்வொருவராக நின்றார்கள். கம்பளத்தில் யாரும் மல்லாந்து கிடக்காததால் அதைச் சுத்தம் செய்வது சுலபமாக இருந்தது. நாங்களும் அந்த வருஷம் நகரத்தின் கிழக்குக் கோடியில், மோர்னிங்சைட் பக்கம் குடிபோனோம். அங்கிருந்து அவர் வீட்டுக்கு ஒரு பஸ், ஒரு சப்வே, ஒரு ஸ்ட்ரீட்கார். போக ஒன்றரை மணித்தியாலம், வர ஒன்றரை. அந்த வேலையை விட்டுவிடும் என்று என் மனுஷர் சொன்னார். நான் விடவில்லை. ஏன் என்று கேட்டால், குற்றவுணர்ச்சி என்றுதான் சொல்வேன். அன்பு என்று சொன்னால் பொய்யாகிவிடும், அன்புக்கெல்லாம் அப்போது என்னிடம் தெம்பு இல்லை.

மூன்று தரம் அவர் என்னைப் பாடச் சொன்னார். மூன்று தரமும் இன்னொரு நாள் என்றேன். உண்மையில் தொண்டையைத் திறக்கவே அலுப்பாக இருந்தது.

அடுத்த சித்திரையில் வீட்டை விற்றார். ஜேர்மனியில் தங்கச்சியிடம் போவதாக முடிவு. என் கடைசி வியாழனன்று படங்களைக் கழற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், சுவரில் வெள்ளை வெள்ளையாகச் சதுரங்கள். நான் வாளியை எடுக்கப் போனபோது டீச்சர் தடுத்தார். நல்ல உடுப்பு உடுத்திருந்தார், கழுத்தில் முத்துமாலை.

“இண்டைக்குத் துடைக்க வேண்டாம். அந்தக் கதிரையிலை இரும். நான் பாடப் போறன். எந்த இடத்திலை பாடினனான் எண்டு நீர் சொல்லவேணும்.”

மூன்று வருஷத்தில் அந்தச் சாய்வுக் கதிரையில் நான் இருந்தது அன்றைக்குத்தான். எவ்வளவு மெத்து! அதற்கு முதல் நாள் தொழிற்சாலையில் இரட்டை ஷிஃப்ட். காலையிலும் எட்டரை மணித்தியாலம் நின்ற கால். ஜன்னலால் வெயில் மடியில் விழுந்தது. அவர் பியானோவில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, தானே வாசித்துத் தொடங்கினார். அந்தத் தாழ்ந்த, ஊர்ந்து போகிற பகுதி. முதல் இரண்டு வரி எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பிறகு அமைதி. அந்த அமைதிதான் என்னை எழுப்பியது. டீச்சர் மடியில் கையைக் கோத்துக்கொண்டு, என் பக்கம் திரும்பி இருந்தார்.

“சொல்லும்,” என்றார். “எவ்வளவு?”

வெயில் மடியிலிருந்து முழங்காலுக்கு நகர்ந்திருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, கச்சேரி நாளை நினைத்து, “ஒரு கட்டை கீழை,” என்றேன். “நல்லாயிருந்தது, டீச்சர்.”

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ஓம்,” என்றார். “சரியாய்ச் சொன்னீர்.” எழுந்து தேத்தண்ணீர் வைக்கச் சமையலறைக்குப் போனார்.

வேறு என்ன செய்வதென்று தெரியாமல் நான் துணியை எடுத்துப் பியானோவைத் துடைக்கப் போனேன். தாங்கியில் விரித்திருந்தது கையெழுத்துத் தாள்கள் இல்லை. அந்தப் பழைய, மஞ்சள் பூத்த அச்சுப் புத்தகம், கடைசிப் பக்கத்தில் திறந்திருந்தது. அவர் இறக்கவே இல்லை. எழுதின இடத்திலேயே பாடியிருக்கிறார், ஒரு ஆளுக்காக.

சமையலறையில் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. நான் புத்தகத்தை மூடினேன். அந்த உச்சச் சுரம் அன்றைக்கு வந்ததா இல்லையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.