அண்ணியின் கையும் என் தேங்காய் நாரும்: மணப்பாறையிலிருந்து ஸ்ரீரங்கத்துக்கு ஒரு நாள்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அண்ணியோடு ஸ்ரீரங்கம் போனேன். கோயிலுக்கு இல்லை, தோல் டாக்டரைப் பார்க்க. மணப்பாறையில் நாங்கள் இருவரும் வீட்டிலேயே முறுக்கு சுற்றி விற்கிறோம். அண்ணிக்கு ஆறு வருடமாக முழங்கையில் சோரியாசிஸ். சிவந்து, செதில் செதிலாக உதிரும், மறையும், அதே இடத்தில் திரும்ப வரும். இப்போது மணிக்கட்டிலும். "அவங்க சுத்துனதுன்னா வேணாங்க" என்று அதற்கு முந்தின வாரம் ஒரு வாடிக்கைக்காரர் முகத்துக்கு நேராகச் சொன்னதிலிருந்து அண்ணி மாவைத் தொடவில்லை.

காலை 7.40க்கு ரயில். திருச்சி ஜங்ஷன் 37 கிலோமீட்டர், டிக்கெட் ஆளுக்கு 30 ரூபாய். அங்கிருந்து ஸ்ரீரங்கத்துக்கு டவுன் பஸ். சாதாரண பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பத்து மணிக்கு ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, உள்ளே போக பன்னிரண்டரை ஆகிவிட்டது. (கையில் இட்லி கொண்டுபோனது நல்லதாயிற்று.)

"களிம்பை எப்ப நிறுத்தினீங்க?" என்றார் டாக்டரம்மா.

"தோல் தெளிஞ்சதும் நிறுத்திட்டோங்க. மாவுல வாசனை ஏறிடுது" என்றேன் நான்.

"அங்கதான் தப்பு. உடம்பைக் காக்குற அணுக்கள் சொந்தத் தோலையே எதிரின்னு நினைச்சுத் தாக்குது. அதனால ஒரு மாசத்துல வளர வேண்டிய தோல் சில நாள்லயே வளர்ந்து உதிருது. தோல் தெளிஞ்சாலும் அந்த அணுக்கள்ல கொஞ்சம் அங்கேயே ஞாபகமா உட்கார்ந்திருக்கும். ஒரு உரசல் போதும், மறுபடி கிளம்பிடும். அழுத்தித் தேய்ச்சா புது இடத்துலகூட வரும். ஆனா யாருக்கும் ஒட்டாது. வேலை முடிஞ்சதும் களிம்பு போடுங்க, நான் சொல்றவரைக்கும் நிறுத்தாதீங்க. முறுக்கு தாராளமா சுத்தலாம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாவில் படுகிற கை சுத்தமாக இருக்க வேண்டும் என்று, இரண்டு வருடமாகத் தினமும் தேங்காய் நாரால் அண்ணியின் கையை முழங்கைவரை தேய்த்துவிட்டவள் நான்தான். மணிக்கட்டில் வந்தது அதற்கப்புறம்தான். கத்திரிக்காய், கருவாடு எல்லாவற்றையும் சந்தேகப்பட்டு நிறுத்தினேனே, என் கையைச் சந்தேகப்படவில்லை. டாக்டரம்மாவிடம் நாரைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை. அண்ணியும் சொல்லவில்லை.

திரும்பும் பஸ் காவிரிப் பாலத்தில் நின்றுவிட்டது. "வலிச்சிருக்குமே அண்ணி, ஏன் சொல்லல?" என்றேன்.

"வலிச்சுதுதான். என் கையைத் தொடுறது நீ ஒருத்திதான். சொன்னா நீயும் விட்டுடுவியேன்னு இருந்துட்டேன்" என்றார். பஸ் என்றும் பாராமல் அழுதுவிட்டேன்.

போகிறவர்களுக்கு: ஒன்பதரைக்குள் போனால் சீக்கிரம் பார்க்கலாம். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துப்போங்கள். வீட்டில் செய்கிற கைவைத்தியத்தை, வெட்கமாக இருந்தாலும், ஒன்றுவிடாமல் சொல்லுங்கள். நாரைப் பற்றி நான் மறுநாள் போனில்தான் டாக்டரம்மாவிடம் சொன்னேன். இப்போது களிம்பை நான்தான் போட்டுவிடுகிறேன், தேய்க்காமல்.