வெள்ளை நூல் வரிசை

சித்திக்கு அன்றைக்கே தெரிந்துவிட்டதா? எட்டு வயதில் எனக்குள் விழுந்த கேள்வி இது. எனக்கே எட்டு வயதில் ஒரு பெண் இருக்கும் இந்த நாளிலும் பதில் கிடைக்கவில்லை.

போன வாரம் அது மறுபடி தலைதூக்கியதற்கு என் மகள்தான் காரணம். பள்ளியில் ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். இரண்டு டம்ளர்களில் பச்சைப்பயறை முளைக்கவிட்டு, ஒன்றை ஜன்னலில், மற்றதை அலமாரிக்குள் வைக்க வேண்டும். பத்து நாளில் என்ன ஆகிறது என்று சார்ட்டில் எழுத வேண்டும். ஆறாம் நாள் துணி எடுக்க அலமாரியைத் திறந்தேன், டம்ளரைக் காணோம். இரண்டும் ஜன்னலில் ஜோடியாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன.

"மம்மி, அந்தேரால அதுக்கு டர் லகும்ல?" என்றாள். இருட்டில் அதற்குப் பயமாக இருக்குமாம். தினமும் பள்ளி விட்டு வந்ததும் வெளியே எடுத்து வைத்து, நான் ஆபீஸிலிருந்து டோம்பிவிலி வந்து சேருவதற்குள் திரும்ப உள்ளே வைத்துவிடுவாளாம். அன்றைக்கு மறந்துபோயிற்று. திட்டத்தான் வாயைத் திறந்தேன். செம்பூர் மொட்டை மாடி ஞாபகம் வந்தது.

எண்பதுகளின் நடுவில் நாங்கள் செம்பூரில் ஒரு மூன்று மாடிக் கட்டிடத்தில் குடியிருந்தோம். அப்பாவுக்கு ரயில்வேயில் குமாஸ்தா வேலை. அம்மாவின் தங்கையான சித்தி, விவசாயப் படிப்பு முடித்து, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் உதவியாளராகச் சேர்ந்து, எங்களோடு தங்கியிருந்தாள். பயிரையும் மரத்தையும் ஒரே நிலத்தில் சேர்த்து வளர்ப்பதுதான் அவளுடைய ஆராய்ச்சி. அப்பாவுக்கு இது தீராத வேடிக்கை.

"காட்ட வெட்டி வயலாக்குனாவ நம்ம முன்னோரு. கொழுந்தியா வயலுக்குள்ள மரத்த நடுதா. அதுக்கு சம்பளமும் குடுக்கான்!"

"உங்க ரயில விட தேவல அத்தான். என் மரமாவது சொன்ன நேரத்துக்கு வரும்" என்பாள் சித்தி. அம்மா அடுப்படியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரிப்பாள்.

கர்ஜத் பக்கத்து மலைச்சரிவுகளில் ஆதிவாசிக் குடும்பங்கள் கேழ்வரகு விதைக்கிறார்கள். ஒவ்வொரு மழைக்கும் மண் கரைந்து ஓடிவிடுகிறது. சரிவுக்குக் குறுக்கே வரிசை வரிசையாக சுபாபுல் மரம் நட்டு, வரிசைகளுக்கு நடுவே கேழ்வரகு போட்டால் வேர் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். தழை ஆட்டுக்கும் நிலத்துக்கும் ஆகும். கிளை அடுப்புக்கு ஆகும். விறகுக்காக அரை நாள் நடக்கிற பெண்கள் வீட்டில் இருக்கலாம். இதெல்லாம் சாப்பிடும்போது சித்தி சொல்லச் சொல்ல எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

ஆனால் முந்தின வருஷம் அங்கே நட்ட கன்றுகள் காமாலை கண்டதுபோல மஞ்சளாகிச் செத்துப்போயின. இந்த மரத்தின் வேரில் ஒட்டி வாழும் நுண்ணுயிர் ஒன்று உண்டு, அந்த மண்ணில் அது இல்லை, விதையோடு அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது சித்தியின் கட்சி. விதை கொடுப்பதே பெரிய வேலை, இதில் பொடி வேறா என்பது அதிகாரியின் கட்சி. மழைக்கு முன்னால் நிரூபித்துக் காட்டினால் பொடி மலைக்குப் போகும். இல்லையென்றால் வெறும் விதை மட்டும் போகும்.

சித்தி ஆபீஸ் வளாகத்தில் போட்ட நாற்றுகளை பக்கத்துக் குடிசைப் பஸ்தியின் ஆடுகள் ஒரே மதியத்தில் மேய்ந்துவிட்டன. தழை ருசியானது என்பது மட்டும் நிரூபணமானது. அதனால்தான் ஆராய்ச்சி எங்கள் கட்டிட மொட்டை மாடிக்கு வந்தது. மலை மண்ணைக் கோணிகளில் கட்டி, லோக்கல் ரயிலின் சாமான் பெட்டியில் மீன்கூடைகளுக்கு நடுவே நின்று, குர்லாவில் வண்டி மாறிக் கொண்டுவந்து சேர்த்தாள். நாற்பது பிளாஸ்டிக் பைகளில் மண்ணை நிரப்பி, இரண்டு வரிசையாக அடுக்கி, அம்மாவின் பழைய புடவையை மேலே நிழலுக்குக் கட்டினாள். ஒரு வரிசைக்குச் சிவப்பு நூல், இன்னொன்றுக்கு வெள்ளை நூல். நடுவில் இரண்டு பேர் நடக்கும் இடைவெளி.

பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. நான் கூடவே இருந்தேன். ஆறின சோற்றுக் கஞ்சியில் வெல்லத்தைக் கரைத்து, கரித்தூள் மாதிரி இருந்த அந்தப் பொடியைப் போட்டுக் கலக்கி, ஊறவைத்த விதைகளில் பாதியை அதில் புரட்டி, நிழலில் உலர்த்தினாள். வெள்ளை நூல் வரிசையில் வெறும் விதைகளை முதலில் ஊன்றி, கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, அப்புறம்தான் கறுப்பு விதைகளைத் தொட்டாள்.

"வெள்ளைக்கு ஒண்ணும் கிடையாதா சித்தி?"

"கிடையாது."

"பாவம்லா?"

"பாவம் பாத்தா ஆராய்ச்சி நடக்குமாட்டி? இந்தா, இத கீழ மோரியில கவுத்திட்டு, பாத்திரத்த நல்லாத் தேச்சுக் கழுவு." வீட்டில் பாத்திரம் கழுவும் தொட்டியைத்தான் மோரி என்போம். மிச்சக் கரைசல் இருந்த பாத்திரத்தை என் கையில் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்க எனக்கு முன்னால் இறங்கிப் போனாள்.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். அம்மாவுக்குப் பந்தி வஞ்சனை என்றால் ஆகாது. வரிசையில் உட்கார்ந்தவர்களில் ஒருவருக்குப் போட்டுவிட்டு இன்னொருவருக்குப் போடாமல் நகர்வதுதான் அவள் அறிந்ததில் பெரிய குற்றம். என் பிறந்தநாளில் எனக்குப் பிடித்த சிநேகிதிக்கு மட்டும் இரண்டாவது தடவை பாயசம் ஊற்றினேன் என்று விருந்தாளிகள் முன்னாலேயே தொடையில் கிள்ளினாள். "பந்தியில உக்காந்தா எல்லாரும் ஒண்ணுதான். கடைசி எலை வரைக்கும் போகணும் கரண்டி. கேட்டியா?"

கேட்டேன். அதனால், கையில் வெல்லம் மணக்கும் பாத்திரத்தோடு மொட்டை மாடியில் தனியாக நின்றபோது எனக்குச் சந்தேகமே வரவில்லை. இருபது பேருக்கு இனிப்புப் போட்டாயிற்று, இருபது பேர் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பாத்திரத்தில் கிடந்த கரண்டியால், வெள்ளை நூல் வரிசையின் முதல் பையிலிருந்து கடைசிப் பை வரை, விதை ஊன்றிய குழியில் ஆளுக்கொரு கரண்டி ஊற்றினேன். கடைசிப் பைக்குக் கொஞ்சம் குறைந்தது. வழித்து ஊற்றினேன். மேலே மண்ணைத் தள்ளி மூடிவிட்டு இறங்கிப் போய்ப் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவினேன். அந்த ஒரு விஷயத்தில் சொன்னபடி நடந்தேன்.

ஏழெட்டு நாளில் முளை வந்தது. கோடை முழுவதும் நானும் சித்தியும் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்தோம். இறகு போன்ற இலைகள், அந்தி சாயும்போது ஜோடி ஜோடியாகக் கைகூப்பி மூடிக்கொள்ளும். மரம் தூங்குகிறது என்று நான் கட்டிடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். மூன்றாம் மாடி மராத்தி அம்மாள் நம்பாமல் மேலே வந்து பார்த்துவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு போனாள். இரண்டு வரிசையும் ஒரே பச்சை, ஒரே உயரம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சித்தி மட்டும் தினமும் வெள்ளை நூல் வரிசையின் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து இலைகளைப் புரட்டிப் பார்ப்பாள். "இன்னும் ரெண்டு வாரம் போட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். அவள் மஞ்சள் நிறத்துக்காகக் காத்திருந்தாள் என்பது எனக்குப் புரியவில்லை.

மழைக்கு முந்தின ஞாயிறு காலை. முதலில் ஒரு சிவப்பு நூல் பையைக் கிழித்து, கன்றை வாளித் தண்ணீரில் மெல்ல அலசினாள். மண் கரைந்து வேர் வெளியே வந்தது. கழுத்துப் பக்கம், ஆணிவேரில், கடுகும் மிளகுமாக மணிகள் கொத்துக் கொத்தாக ஒட்டியிருந்தன.

"கையக் காட்டு." ஒரு மணியை என் உள்ளங்கையில் வைத்து நகத்தால் கீறினாள்.

உள்ளே ரத்தச் சிவப்பு. பல் விழுந்த புதிதில் ஈறு இருக்குமே, அந்த நிறம். செடிக்குள் ரத்தம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

"உயிரோட இருக்குட்டி. காத்துல இருக்கத எடுத்து உரமா ஆக்குது. நாமளும் நாள் பூரா அதே காத்தத்தான் இழுத்து விடுதோம். நம்மளால முடியுமா சொல்லு?" சித்தியின் குரலும் அடங்கிப் போயிருந்தது. அந்த மணியை எத்தனையோ தடவை பார்த்தவள்தான். வானத்தையும் என் கையையும் மாறி மாறிப் பார்த்தேன். பெட்ரோல் வாசமும் உர ஆலைப் புகையும் வரும் எங்கள் செம்பூர்க் காற்று, இந்தக் கடுகுக்குள் போய் ரத்தமாகிறதா? கோயிலில்கூட எனக்கு அப்படி மெய்சிலிர்த்ததில்லை.

அடுத்து வெள்ளை நூல் பை. அலசினாள். அதே மணிகள். கீறினாள். அதே சிவப்பு. இன்னொன்று. அதிலும் அப்படியே. பத்துப் பை கிழித்த பிறகு ஈரக் கையை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். முகத்தில் கோபம் இல்லை. வழி தவறியவள் முகம்போல இருந்தது. அவள் தோற்றுப்போனாள் என்பது மட்டும் எனக்கு விளங்கியது. எப்படி என்று விளங்கவில்லை.

அப்புறம் இரண்டு வேர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நெடுநேரம் பார்த்தாள். மண்ணிலேயே இருக்கும் உயிர் என்றால் மணிகள் வேரெல்லாம் சிதறித் தொற்றும், விதையோடு போட்டதுதான் கழுத்துப் பக்கம் கொத்தாகப் பிடிக்கும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொண்டது கல்லூரியில். அன்று இரண்டு வேரிலும் மணிகள் கழுத்தில்தான் இருந்தன.

சித்தி தலை நிமிர்ந்தாள். "ஏட்டி, அன்னைக்கு அந்தப் பாத்திரத்த எங்க கவுத்த?"

"மோரியில."

ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். என்னையே பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்து, கண்ணில் கண்டதைக் கண்டபடி எழுதினாள்: இரண்டு வரிசைக்கும் வித்தியாசம் இல்லை. எழுதும்போது நான் எட்டிப் பார்த்தேன். அடித்தல் திருத்தல் இல்லாத கையெழுத்து. மறுபடி விதைத்துப் பார்க்க நாள் இல்லை. திங்கட்கிழமை அந்த நோட்டு அதிகாரியிடம் போனது. மலைக்கு வெறும் விதை போயிற்று.

"ஆக, அந்த ஆடு மேஞ்சு சொன்ன முடிவுதான் முடிவு, என்ன கொழுந்தியா?" என்றார் அப்பா. சித்தி தட்டை எடுத்துக்கொண்டு மோரிக்குப் போனாள்.

அந்த மழைக்காலத்தில் ஞாயிறு தவறாமல் சித்தி விடியற்காலையில் குடையும் தூக்குச்சட்டியுமாகக் கர்ஜத்துக்குக் கிளம்பிவிடுவாள். "இந்த மழையில அங்க என்னளா கிடக்கு?" என்று அம்மா கேட்டால், "சும்மா பாத்துட்டு வாரேன்க்கா" என்பாள். சேறு ஒட்டிய காலோடு திரும்பி வருவாள். சித்திக்கு மழை பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டேன். என்னோடு இருக்கப் பிடிக்காமல் போகிறாளோ என்றும் நினைத்தேன். அடுத்த வருஷம் மொட்டை மாடிக்கு ஒரு பைகூட வரவில்லை.

அந்த மாதங்களில் அம்மாவுக்கு ஒரே புலம்பல். டப்பாவில் வைத்த வெல்லம் வாரா வாரம் குறைகிறது. "எறும்பு இம்புட்டு கட்டியவா தூக்கிட்டுப் போவும்?" என்று என்னை வேறு சந்தேகமாகப் பார்த்தாள். தூக்குச்சட்டியில் கஞ்சி வாசமும் வெல்ல வாசமும் அடித்ததை நானே முகர்ந்திருக்கிறேன். மழைக்குச் சித்தி சூடாக ஏதோ குடிக்கக் கொண்டுபோகிறாள் என்று விட்டுவிட்டேன். சிலருக்குப் போட்டு சிலருக்குப் போடாமல் விட்டது வஞ்சனை இல்லை, மண்ணிடம் கேட்ட கேள்வி அது என்பதும் அப்போது எனக்குத் தெரியாது.

மகளிடம் நடந்ததை நடந்தபடி எழுதச் சொன்னேன். 'அலமாரி டம்ளரை நான் தினமும் வெளியே எடுத்து வைத்தேன்' என்று கோணல் எழுத்தில் சார்ட்டின் அடியில் எழுதியிருக்கிறாள். தீபாவளிக்குக் கோபர்கைரனேயிலிருந்து சித்தி எங்கள் வீட்டுக்கு வருகிறாள். தன் சின்னாச்சியான சித்தியிடம் காட்ட வேண்டும் என்று மகள் சார்ட்டை ஃப்ரிட்ஜ் மேல் பத்திரமாக வைத்திருக்கிறாள். அதைச் சித்தி படிக்கும்போது நான் பக்கத்தில் நிற்பேன்.

சித்திக்கு அன்றே தெரிந்திருந்தால், என்னைக் காட்டிக்கொடுக்காமல் மழையில் நனைந்து தன் கையாலேயே பொடியைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறாள். இத்தனை வருஷம் அவள் மூடிவைத்ததை நான் திறப்பது சரியா? தெரியாதிருந்தால், வெறும் நம்பிக்கையில் பொடியைச் சுமந்துவிட்டு, தன் கணக்கு எங்கே தப்பியது என்று இன்றுவரை தன்னையே சந்தேகித்துக்கொண்டிருப்பாள். அப்படியானால் நான் இன்னும் ஒரு நாள்கூட வாய்மூடி இருக்கக் கூடாது. இரவு பாத்திரம் தேய்க்கும்போது ஒரு முடிவுக்கு வருகிறேன், காலையில் ரயிலில் அதை மாற்றிக்கொள்கிறேன். அந்த மலையில் எத்தனை கன்று பிழைத்தது என்று கேட்கவும் எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

இதைப் படிப்பவர்களில் இப்படியொரு சித்தியாக இருந்தவர்கள் யாராவது இருப்பீர்கள். நீங்களே சொல்லுங்கள். அந்தப் பாத்திரத்தை எங்கே கவிழ்த்தேன் என்று இப்போது வந்து சொன்னால், உங்களுக்கு நிம்மதியாக இருக்குமா, வலிக்குமா? தீபாவளிக்கு முன்னால் ஒரு வரி எழுதிப் போட்டால் உதவியாக இருக்கும்.