கயிறு கட்டாத கப்பல்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டேன். அதற்குப் பிறகு அட்டனில் ஒரு சாப்பாட்டுக் கடை, நானுஓயா ஸ்டேஷனில் மரக்கறி மூட்டை ஏற்றுவது, கொழும்பில் ஒரு சீமெந்துக் கிடங்கு என்று எங்கேயும் ஒரு வருடத்துக்கு மேல் நிற்கவில்லை. அதிக நாள் நின்றது துறைமுகத்தில்தான். எண்ணெய்க் கப்பல்கள் வந்து நிற்கும் துறையில், கப்பலுக்குக் கயிறு கட்டும் கூட்டத்தில் ஐந்து வருடம் இருந்தேன்.

கப்பல் கரையை ஒட்டியதும் மேலிருந்து மெல்லிய கயிறு ஒன்றை வீசுவார்கள். அதைப் பிடித்து இழுத்தால் அதன் நுனியில் தொடைப் பருமனுள்ள பெரிய கயிறு வரும். எட்டுப் பேர் சேர்ந்து அதை இழுத்துக் கரையிலுள்ள இரும்புக் கொக்கியில் மாட்ட வேண்டும். எல்லாக் கயிறும் மாட்டி முடிந்த பிறகுதான் குழாய் பொருத்துவார்கள், எண்ணெய் இறங்கும். இறுகி நிற்கும் கயிறு அறுந்தால் ஆளை வெட்டிவிடும். எங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு அப்படித்தான் கால் போனது. அவரைக் கப்பல் கம்பனி பார்ப்பதா, ஏஜென்ட் பார்ப்பதா, எங்களை வேலைக்கு அனுப்பிய கம்பனி பார்ப்பதா என்று பேசிக்கொண்டிருக்கும்போதே அவர் ஊருக்குப் போய்விட்டார். எங்கள் தலைக்கவசத்தில் ஒரு கம்பனியின் பெயர் இருந்தது, சட்டையில் இன்னொன்று, சம்பளத் துண்டில் மூன்றாவது. நான் அதைப் பற்றி அதிகம் யோசித்ததில்லை. பிறந்த தோட்டத்திலும் நிலம் ஒருவருடையது, கம்பனி வேறொருவருடையது.

நாட்டில் டீசலும் பெற்றோலும் இல்லாமல் போன வருடம், கப்பல் வருவது குறைந்து எங்கள் வேலையும் நின்றது. மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தோட்டத்தில், அக்கா குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். அக்கா மகளுக்கு அப்போது பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சை. பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம் டவுனில், பதினைந்து கிலோமீட்டர் கீழே. பஸ் ஓடவில்லை. அடுத்த லயத்து அண்ணன் ஒருவர் வேன் வைத்திருந்தார். அக்கா மகளையும் இன்னும் நான்கு பிள்ளைகளையும் கூட்டிப் போக அவர் ஒத்துக்கொண்டிருந்தார். ஆனால் வேனில் இருந்த டீசல் ஒரு தடவை டவுனுக்குப் போய்த் திரும்ப மட்டுமே போதும். டவுனிலுள்ள எண்ணெய் ஷெட்டில் டீசல் கிடைக்கும் நாள் பார்த்து இறங்கினால் டாங்கை நிரப்பிப் பரீட்சை முடியும்வரை ஓட்டலாம். கிடைக்காத நாளில் இறங்கினால் இருந்ததும் போய்விடும்.

என் போனில் கப்பல்கள் எங்கே நிற்கின்றன என்று காட்டும் ஆப் ஒன்று இருந்தது. துறையில் வேலை செய்தபோது, இன்றைக்கு வேலை உண்டா என்று தெரிந்துகொள்ளப் போட்டது. கோயிலுக்கு மேலே உள்ள பாறையில் மட்டும்தான் அதற்கு வேண்டிய இன்டர்நெட் கிடைக்கும். தினமும் மாலை நானும் வேன்கார அண்ணனும் அங்கே ஏறி உட்கார்ந்தோம். டீசல் கப்பல் ஒன்று கொழும்புக்கு வெளியே நின்றுகொண்டிருந்தது.

"எங்க தம்பி நிக்குது?"

"அதே எடத்துலதாண்ணே. கொஞ்சம் வடக்க தள்ளியிருக்கு. உள்ள வரல."

"யாரோட கப்பல் அது?"

"கொடி ஒரு நாட்டுது, சொந்தக்காரன் வேற நாடு. எண்ணெய் இன்னொரு கம்பனியோடது. ஏஜென்ட் கொழும்புல."

"அப்ப ஏசணும்னா யாரத்தான் ஏசுறது?"

பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு வந்த பெண்கள் கீழே பாதையில் நின்று பார்த்தார்கள்.

"ரெண்டு பேரும் பாறையில குந்திக்கிட்டுக் கப்பல இழுக்கிறாங்களாம்!"

"இழுத்துக் கொண்டாந்து ஆத்துல கட்டிப்புடுங்க. நாங்க கேனோட வாறோம்."

பரீட்சை திங்கட்கிழமை தொடங்க இருந்தது. வெள்ளிக்கிழமை மாலை பார்த்தபோது கப்பல் நகர்ந்துகொண்டிருந்தது, துறைமுகத்துக்குள் அல்ல, வெளிக் கடலுக்கு. அரசாங்கம் காசு கட்டாததால் கப்பல்கள் கடலிலேயே காத்து நிற்பதாக அந்த நாட்களில் செய்தி வந்துகொண்டிருந்தது. எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

"திருப்பி அனுப்பிட்டாங்கண்ணே. நீங்க டவுனுக்கு எறங்காதீங்க."

"நல்லாத் தெரியுமா தம்பி?"

"அஞ்சு வருசம் கயிறு கட்டியிருக்கேன். கயிறு கட்டாம எண்ணெய் எறங்குமா?"

அவர் இறங்கவில்லை. என் பேச்சைக் கேட்டு, வேறு வாகனம் வைத்திருந்த இரண்டு பேரும் இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டவுனிலிருந்து ஒருவர் போன் செய்தார். சனிக்கிழமை காலையிலிருந்து ஷெட்டில் டீசல் ஊற்றுகிறார்களாம். வேன்கார அண்ணன் உடனே இறங்கினார். அவர் போய்ச் சேர்ந்தபோது டீசல் முடிந்து, 'டீசல் இல்லை' என்று பலகை மாட்டியிருந்தார்கள். திரும்பி வரும்போது தோட்டத்துக் கடைசி வளைவில் வேன் நின்றுவிட்டது. நாங்கள் ஆறு பேர் போய்த் தள்ளினோம்.

"கடல்லயே குழாய் வச்சிருக்கானாம் தம்பி" என்றார் அவர், தள்ளிக்கொண்டே. "மெதவை ஒண்ணு இருக்காம். கப்பல் அங்கன நின்னபடியே ஊத்திட்டுப் போயிருமாம். கரைக்கே வராதாம். வெள்ளிக்கிழம நாம பாத்தது ஊத்தி முடிச்சிட்டுப் போறதத்தான்."

"துறைக்கு வந்து கயிறு கட்டாமயா?"

"இன்னொரு தடவ கயிறுன்னு சொன்னீங்க, அந்தக் கயித்தாலயே வேனக் கட்டி உங்கள இழுக்க வச்சிருவேன்."

அக்கா அவ்வளவு மரியாதையாகப் பேசவில்லை. "ஒன்ன யாருடா கேட்டது? அஞ்சு புள்ளைங்க படிப்புல மண்ணப் போட்டுட்டியே" என்றாள். மறுநாள் காலை ஐந்து மணிக்குப் பிள்ளைகளோடு நடந்தேன்.

எட்டரை மணிப் பரீட்சைக்கு முதல் நாள் இருபது நிமிடம் பிந்திப் போனோம். மண்டபத்துக்குப் பொறுப்பாக இருந்த யாழ்ப்பாணத்து டீச்சர் பிள்ளைகளின் காலைப் பார்த்தார். அட்டை கடித்து இரத்தம் வழிந்துகொண்டிருந்தது. "நேரம் போட்டுது, கெதியா உள்ள போங்கோ" என்றார். அன்றைக்குச் சைவ சமயப் பாடம். "சாமி பாத்துக்கும்" என்றாள் அக்கா மகள், திரும்பி வரும்போது. "கணக்குப் பாடத்துக்குத்தான் பாத்துக்க ஒரு சாமியும் இல்ல, மாமா."

கணக்குப் பாடம் புதன்கிழமை. இரவெல்லாம் மழை. தேயிலைக்குள் இறங்கும் குறுக்குப் பாதையில் ஓடை பெருகியிருந்தது, கடக்க முடியவில்லை. திரும்ப ஏறித் தார் ரோட்டுக்கு வந்தபோது மணி ஏழு. ரோட்டு வழியாக நடந்தால் பரீட்சை பாதியில்தான் போய்ச் சேரலாம். அக்கா மகள் கணக்குப் பெட்டியைச் சட்டைக்குள் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

அப்போது தோட்டத்துப் பெக்டரி லொறி மேலிருந்து வந்தது. தேயிலை மூட்டைகள் ஏற்றிக்கொண்டு கொழும்புக்குப் போகும் லொறி. ஏற்றுமதிச் சரக்கு என்று அதற்குத் தனியாக டீசல் கிடைத்தது. நான் ரோட்டின் நடுவில் போய் நின்றேன். டிரைவர் தலையை வெளியே நீட்டினார்.

"சாகணும்னா வேற லொறியில போய் விழுய்யா!"

"பரீட்சைப் புள்ளைங்கண்ணே. இன்னிக்குக் கணக்கு."

"தேயிலை லொறியில ஆள ஏத்தினா என் வேலை போயிரும். தெரியுமா?"

"தெரியும்."

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். பிறகு பின்பக்கம் வந்து தார்பாயின் ஓரத்தை அவிழ்த்தார்.

"பாவாடை, சட்டை எல்லாம் நல்லாப் புழிஞ்சிட்டு ஏறுங்க. மூட்டை நனைஞ்சா கொழும்புல திருப்பிருவான். மூட்டை மேல குந்தாதீங்க, நடுவுல எடம் இருக்கு." என்னைப் பார்த்து, "நீ ஏறாத. நீ நட" என்றார்.

நான் நடந்தேன். டவுனுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் பகுதி முடிந்திருந்தது. ஐந்து பேரும் மணி அடிப்பதற்கு முன்பே உள்ளே போயிருந்தார்கள் என்று வாசலில் நின்ற காவல்காரர் சொன்னார். ஐந்து பேர் மேலும் தேயிலை வாசம் அடித்ததாம்.

சில மாதங்களில் துறையில் மறுபடி வேலை தொடங்கியது. முதல் வேலையாக மேற்பார்வையாளரிடம் மிதவையைப் பற்றிக் கேட்டேன். "தெரியாதா?" என்றார். அங்கே கப்பலுக்குக் கயிறு கட்டுவது வேறு கம்பனியின் ஆட்கள், அவர்கள் படகில் வேறு பக்கத்திலிருந்து போவார்கள் என்றார். அடுத்து வந்த கப்பலில் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது கொஞ்ச நேரம் அந்த ஆட்களை நினைத்துக்கொண்டேன்.

பெறுபேறு வந்த அன்று அக்கா போன் செய்தாள். கணக்கும் பாஸ், எல்லாம் பாஸ்.

"அந்த லொறிக்காரரக் கண்டா சொல்லணும்" என்றேன்.

"சொல்லியாச்சு. அவரு ஒன்னையத்தான் கேட்டாரு, நடந்து போய்ச் சேந்தானான்னு."

பக்கத்தில் வேன்கார அண்ணனின் குரல் கேட்டது. ஷெட்டில் இப்போது டீசல் தாராளமாகக் கிடைத்தது. இருந்தும் அவர் சத்தம் போட்டார்.

"கப்பல் எங்க நிக்குதுன்னு கேளு! அவன் சொல்றதுக்கு மாறா நாம செய்வோம்!"