துணிக்குள் கருவாடு

அடையாறில் நான் வேலை பார்க்கும் பேச்சு, விழுங்கல் பயிற்சி மையத்தில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று உண்டு. மின்விசிறி ஓடினால் கருவியின் கோடு நடுங்கும் என்று அதையும் நிறுத்தி, கதவைச் சாத்திவிடுவோம். வந்தவரின் இரண்டு கன்னங்களிலும், தாடைத் தசையின் மேல், சிறு வில்லைகளை ஒட்டுவது என் வேலை. மெல்லும்போது தசை இறுகினால் திரையில் கோடு மேடாகும், தளர்ந்தால் பள்ளமாகும். மேடும் பள்ளமும் மாறி மாறி வந்தால் அவர் ஒழுங்காக மெல்கிறார் என்று அர்த்தம்.

அந்த அறைக்கு எங்கள் குப்பத்து அத்தை வந்தார். சொந்த அத்தை இல்லை, அம்மாவோடு உட்கார்ந்து மீன் விற்றவர். பக்கவாதம் வந்து இடப்பக்க வாய் கோணியதிலிருந்து மசித்த சோறுதான் சாப்பாடு. மையத்தில் சரி என்று சொல்லும்வரை வேறு எதையும் தருவதில்லை என்று மகள் பிடிவாதமாக இருந்தாள். எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அதனால் அந்தச் 'சரி' என் சட்டைப்பையிலேயே இருக்கிறது என்று அத்தை நம்பினார்.

சோதனைக்கு எல்லாருக்கும் ஒரே பிஸ்கட்தான். அப்போதுதான் ஒருவர் கோட்டை இன்னொருவர் கோட்டோடு ஒப்பிட முடியும். அத்தை அதை வாயில் போட்டுக்கொண்டு சும்மா இருந்தார். கோடு படுத்துக் கிடந்தது.

"மெல்லுங்க அத்தை."

"ஊறட்டும் இருடா. இன்னா அவசரம்?"

எங்கள் சந்தில் பிஸ்கட்டை யாரும் கடித்துத் தின்று நான் பார்த்ததில்லை. டீயில் நனைத்துத்தான் தின்போம். டீ இல்லாததால் அத்தை எச்சிலில் நனைத்துக்கொண்டிருந்தார். மையத்தை நடத்தும் மேடம் வந்து திரையைப் பார்த்தார். "லெஃப்ட் சைடு ரொம்ப வீக். மசிச்சதே கன்டினியூ பண்ணட்டும்." நான் வாயெடுப்பதற்குள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

மறுமுறை வில்லை ஒட்டும்போது அத்தை மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் கோடு மேல போனா மீன் சோறு துன்னலாமா நைனா?"

"போகணும் அத்தை."

அவ்வளவுதான் சொன்னேன். பிஸ்கட் வாய்க்குள் போனதும் அவர் கழுத்து நரம்பு புடைத்தது. கோடு இரண்டு பக்கமும் எழுந்து, எழுந்த இடத்திலேயே நின்றது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்த மேடம், "பரவாயில்லையே, கெட்டியா குடுக்க ஆரம்பிக்கலாம் போலிருக்கே," என்றார். அவருக்குப் பின்னாலிருந்து மகளின் தலையும் நீண்டது. அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பள்ளமில்லாத மேடு. மெல்லுகிற வாய் அப்படி ஒரு கோட்டைப் போடாது. சொல்லாமல் விட்டால் மதியமே மீன் சோறு. மெல்லாத கவளம் மூச்சை அடைத்தால் தெரிந்தே பார்த்துக்கொண்டிருந்தவன் நான். சொன்னாலோ, சாயங்காலம் அவர் வாசலைத் தாண்டித்தான் என் வீட்டுக்குப் போக வேண்டும். காற்றில்லாத அறையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"மேடம், பல்லைக் கடிச்சிட்டு இருக்காங்க. மெல்லல."

அத்தை தாடையைத் தளர்த்தினார். கோடு விழுந்தது.

"என் கூடை மீனத் துன்னு வளந்த வாயி. நல்லாத்தான் பேசுது."

வந்தது வரட்டும் என்று பிஸ்கட்டை ஊறவைத்த சமாச்சாரத்தையும் மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "அப்ப இவங்க எதைத்தான் மெல்லுவாங்க?"

"கருவாடு குடுத்துப் பாருங்க, மாடு மாதிரி மெல்லும்," என்றாள் மகள்.

மறுநாள் சுட்ட கருவாட்டுத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்தாள். அதை ஈர மெல்லிய துணியில் பொதிந்து, துணியின் முறுக்கிய வால் என் கையில் இருக்க, பொட்டலத்தை அத்தையின் பல்லுக்கு இடையில் வைத்தேன். மெல்லலாம், சாறு இறங்கும், துண்டு தொண்டைக்குப் போகாது. மூடிய அறை முழுக்க எங்கள் சந்தின் வாசனை. அத்தை கண்ணை மூடிக்கொண்டு மென்றார். மேடு, பள்ளம், மேடு, பள்ளம். வலப்பக்கம் நல்ல உயரம். இடப்பக்கம் அதில் பாதிகூட இல்லை.

"வருது," என்றார் மேடம். "ஆனா பத்தாது. கொஞ்ச நாள் இங்க வந்து துணியில வச்சே பழகட்டும். வெறும் வாயில இப்போதைக்கு வேணாம்." மகளிடம் விளக்கிச் சொல்ல வெளியே போனார். கதவு தானாகச் சாத்திக்கொண்டது.

"வாயைத் தொறங்க அத்தை, எடுத்துடறேன்."

அவர் திறக்கவில்லை. பல்லிடுக்கு வழியாகவே பேசினார்.

"முழுங்க வுடமாட்ட. துப்ப எனக்கு மனசு வர்ல. இன்னா பண்ண சொல்ற?"

இழுத்தால் பல் வலிக்கும். விட்டால் துணியோடு உள்ளே போகும். நான் துணியின் வாலைப் பிடித்தபடியே நின்றேன். திரையில் கோடு மேலே ஏறி, பள்ளமில்லாமல் நின்றுகொண்டிருந்தது.