தருவைகுளத்துக்குப் போன ரிப்போர்ட்

லேபில் ரிப்போர்ட் கொடுக்கிற கவுண்டரில் உட்கார்ந்தால் ஒரு சாபம் உண்டு: எதிரே நிற்பவருக்கு முன்னாலேயே சேதி நமக்குத் தெரிந்துவிடும். நீங்களும் இப்படி முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு சம்பளம் வாங்குகிறவர் என்றால் நான் சொல்வது புரியும்.

டப்பாவோடு வருகிறவர்கள்

கர்ப்பப்பையில் நார்க்கட்டி என்று ஆபரேஷன் செய்தால், எடுத்ததை மருந்துத் தண்ணீரில் போட்டு, டப்பாவை வீட்டு ஆட்களிடமே கொடுத்துவிடுவார்கள். அதை எங்களிடம் சேர்ப்பது அவர்கள் பாடு. வருகிற பாதிப்பேர் முகத்தில் எரிச்சல்தான் இருக்கும். அபூர்வமாக ஒன்று புற்றுநோயாக இருந்துவிடும், சோதித்தால்தான் தெரியும் என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கும். மில்லர்புரத்துக் கடைக்கார அண்ணாச்சி ஒருவர் கேட்டார்: "தூக்கிப் போட வேண்டிய சாமானுக்கு எதுக்கும்மா ரிப்போர்ட்டு?"

சுவிட்ச் ஆஃப்

சகாயமேரி, வயது நாற்பத்து நாலு, ஊர் கடலோரத் தருவைகுளம். நார்க்கட்டி என்று நினைத்து எடுத்தது கேன்சர் என்று வந்தது. அடுத்த வைத்தியத்தைத் தள்ளிப்போடக் கூடாது, உடனே வரச் சொல்லுங்கள் என்றார் ஆபரேஷன் செய்த டாக்டரம்மா. ஃபாரத்தில் இருந்தது புருஷன் நம்பர். ஆஸ்பத்திரியிலும் அதே நம்பர்தான். மூன்று நாள் அடித்தேன், சுவிட்ச் ஆஃப். பெண்டாட்டியை அறுக்கக் கொடுத்துவிட்டு இந்த மனுஷன் எங்கே தொலைந்தான் என்று வாய்விட்டே திட்டினேன். நாலாம் நாள் சர்க்கரை டெஸ்டுக்கு வந்த தருவைகுளத்துக்காரர் ஒருவரிடம் புருஷன் பேரைச் சொல்லி விசாரித்தேன்.

"சூசையா? தங்கு கடலுக்கு மீன்பிடிக்கல்லா போயிருக்கான். கரைக்கு வர இன்னும் பத்து நாளாவும்."

பத்து நாள்

டாக்டரம்மாவிடம் சொல்லிவிட்டு அன்று மத்தியானமே பஸ் ஏறினேன். சகாயமேரி வாசலில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தாள், ஆபரேஷன் ஆகி மூன்றே வாரத்தில். "கட்டி போயிட்டுல்லா, இப்பம் நல்லாயிருக்கேன்க்கா" என்று சிரித்தாள். டாக்டரம்மா உடனே பார்க்கணும் என்கிறார்கள் என்றேன்.

சிரிப்பு நின்றது. "கேன்சராக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இல்லை என்று சொல்ல மனசு இல்லை. கண் கலங்கிக் காட்டிக்கொடுத்துவிட்டது.

"அவரு வரட்டும்க்கா, கேட்டுக்கிட்டு வாரேன்" என்றாள். பத்து நாள் பொறுக்க முடியாதும்மா என்றேன். கடல் பக்கம் பார்த்தாள். பிறகு கையைக் கழுவினாள்.

"இருங்கக்கா, சேலைய மாத்திட்டு வாரேன்."

புதுக் கேள்வி

வைத்தியமெல்லாம் முடிந்து, இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை செக்கப்புக்கு வருகிறாள். அவள் ரிப்போர்ட்டை மட்டும் முதலில் நானே பிரித்துப் பார்த்துவிடுவேன். அவளுக்கு அப்புறம், டப்பாவோடு யார் வந்தாலும் அந்தப் பொம்பளையின் சொந்த நம்பரைக் கேட்காமல் விடுவதில்லை. ஆண்களுக்குக் கோபம் வருகிறது. போன வாரம் ஒருத்தர் கத்தியே விட்டார்: "புருசன் நான் குத்துக்கல்லாட்டம் நிக்கேன், அவ நம்பர் உமக்கு எதுக்கு?"

யார் வயிற்றில் கத்தி வைத்தார்களோ அவளுடைய நம்பரைத்தான் முதலில் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருக்கிறது, இதில் லேபிலேயே நான்தான் கெட்டிக்காரி என்று பேர் வேறு.